192 கிலோஹெர்ட்ஸ் கார்டு இருந்தால் மட்டும் போதாது

192 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டு மாட்டினால் எந்த மென்பொருளும் தானாக அதே விகிதத்தில், அதாவது நொடிக்கு 192000 முறை ஒலியை அளந்து, பதிவு செய்யும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் வழக்கமான எம்எம்இ (விண்டோஸின் பழைய ஒலி இடைமுகம்) வழியில் பதிந்தால், விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் அந்தச் சாதனத்துக்கு வைத்திருக்கும் விகிதம்தான் செல்லும். அங்கே 48000 இருந்து, ஆடாசிட்டியில் 192000 போட்டால், இடைப்பட்ட மதிப்புகளை விண்டோஸே கணக்கிட்டு நிரப்பிவிடும். கோப்பின் அளவுதான் பெருகும். பிழைச் செய்தி எதுவும் வராததால் பலர் நம்பிவிடுகிறார்கள்.

நீங்களே பார்க்கலாம். அப்படிப் பதிந்த ஒலியைத் தேர்ந்தெடுத்து 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' (Plot Spectrum: எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) போடுங்கள். 48000-இல் பாதியான 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கோடு செங்குத்தாக விழும். அப்புறம் விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் சாதனத்தின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 192000 வைத்து மறுபடி பதிந்து ஒப்பிடுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோடு மின்னணுச் சந்தையில் கார்டு வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.