ஒற்றைப் புருவம்

நேற்று இரவு எட்டேமுக்காலுக்குத் தங்கை வீடியோ அழைப்பில் வந்தாள், பிறந்து இரண்டே நாளான மகளைக் காட்ட. துணியை மெல்ல விலக்கினாள். நெற்றி தெரிந்தது. ஒரு புருவம் தெரிந்தது. அவ்வளவுதான், படம் உறைந்துவிட்டது. புருவத்துக்குக் கீழே கட்டம் கட்டமாக ஏதோ நிறம். "தெரிகிறதா அண்ணா? கொட்டாவி விடுகிறாள் பார்" என்று குரல் மட்டும் அறுந்து அறுந்து வருகிறது. ஜன்னலுக்கு ஓடினேன். மொட்டை மாடிக்கு ஓடினேன். கையை உயர்த்திப் பிடித்தேன். அதே ஒற்றைப் புருவம்! மேலே சிக்னல் கோடுகளோ ஒன்றுகூடக் குறையவில்லை. துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது குழந்தையைப் போர்த்தித் தூங்க வைத்துவிட்டார்கள்.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக இருக்கிறது, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்கிறார்கள். சிக்னல் இல்லை என்று யார் சொன்னது? கோபுரத்தின் அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டும். அங்கே எத்தனை பேர் காத்துக்கிடக்கிறார்கள் என்பதைக் காட்டாது.

4ஜி கோபுரத்தில் ஷெட்யூலர் என்ற மென்பொருள் காத்திருக்கும் போன்களுக்கு ஒவ்வொரு மில்லி விநாடியும் அலைவரிசையைப் பங்கு பிரிக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருந்தால் அதன் கையில் 100 துண்டுகள், ஒவ்வொன்றும் 180 கிலோஹெர்ட்ஸ். அலை தெளிவாகக் கிடைக்கும் போனுக்கே அள்ளிக் கொடுத்தால் மொத்த வேகம் கூடும், ஓரத்தில் இருப்பவர் பட்டினி கிடப்பார். அதனால் யார் இதுவரை எவ்வளவு பெற்றார் என்பதையும் பார்த்துப் பிரிக்கும் முறை வந்தது. அது நல்ல முறைதான், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எவ்வளவு நியாயமாகப் பிரித்தாலும் நூறு துண்டு இருநூறு ஆகிவிடுமா? இடம் இல்லாத கோபுரத்தில் மேலும் மேலும் ஆட்களை ஏற்றுகிறார்களே, அவர்கள்மேல்தான் வயிறு எரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மொபைல் நிறுவனத்தின் சொந்தக் குரல் அழைப்புக்கு முன்னுரிமை உண்டு. செயலி வழியாக வரும் வீடியோ அழைப்போ, பெரும்பாலும் யாரோ தரவிறக்கும் சினிமாவோடு ஒரே வரிசையில்தான் நிற்கிறது. சினிமா பத்து விநாடி பிந்தி வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கொட்டாவி பத்து விநாடி காத்திருக்குமா?

நள்ளிரவு தாண்டித் தங்கை ஒரு போட்டோ அனுப்பினாள். கூட்டம் கலைந்திருக்க வேண்டும், நொடியில் வந்துவிட்டது. இரண்டு புருவமும் இருக்கிறது. வாய் மூடியிருக்கிறது.