தொடைக் குழியைக் காட்டி ஜிம்முக்குக் கூப்பிடாதீர்கள்

பெண்களைப் பயிற்சிக்கு வரவழைக்க எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு, தொடையிலும் பின்புறத்திலும் இருக்கும் குழிகளைக் காட்டிப் பயமுறுத்தி ஆள் சேர்க்கிற வேலையை என் தொழிலில் இருப்பவர்களே செய்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமை இருந்தால் படியுங்கள்.

நான் கோவையில் பெண்களுக்கு வெயிட் ட்ரெயினிங் சொல்லிக்கொடுக்கிறேன். காலை பேட்சில் வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு நேராக வருவார்கள். ரிட்டயர் ஆனவர்களும் உண்டு. சேரும்போது கொடுக்கும் படிவத்தில் 'எதற்காகச் சேருகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். முன்பெல்லாம் எடை, சுகர், முதுகுவலி, பிசிஓடி என்று எழுதுவார்கள். இப்போது கொஞ்ச காலமாக அதைக் காலியாக விட்டுவிட்டு, ஓரமாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்கிறார்கள். "மேடம், தொடையில குழி குழியா இருக்குதுங்க. இது போயிருமுங்களா?" கையில் போன், போனில் ஒரு ரீல்ஸ். ஒரு பெண் பாயில் ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாள். மேலே மஞ்சள் எழுத்தில் '21 நாளில் செல்லுலைட் மாயம்!'

தொடையில் விழும் இந்தக் குழிகளைத்தான் செல்லுலைட் என்கிறார்கள். அது மாயமாகாது. ஆனால் வெளியே தெரிவது குறையும், சிலருக்கு நன்றாகவே குறையும். மறைவதற்கும் மட்டுப்படுவதற்கும் உள்ள வித்தியாசத்தை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் பேக்கேஜ் விற்காது.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். தோலுக்கும் அடியில் இருக்கும் தசைக்கும் நடுவே கொழுப்பு அடுக்கு ஒன்று இருக்கிறது. அதை ஊடுருவிக்கொண்டு, தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பவை நார்ப்பட்டைகள். இலவம்பஞ்சு மெத்தை தைக்கும்போது அங்கங்கே நூல் கோத்து முடிச்சுப் போடுவார்களே, முடிச்சு விழுந்த இடம் குழிந்து சுற்றிலும் பஞ்சு உப்பி நிற்கும். இதுவும் அதே சங்கதிதான். பெண்களுக்கு இந்தப் பட்டைகள் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன, அதனால் கொழுப்பு மேலே பிதுங்க இடம் கிடைக்கிறது. ஆண்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் பிதுங்க வழி குறைவு. தொப்பை தள்ளிய ஆணுக்குத் தொடை வழவழவென்று இருப்பதும், ஐம்பது கிலோவைத் தாண்டாத பெண்ணுக்குக் குழி விழுவதும் இதனால்தான்.

பூப்புக்குப் பிறகு வருவது இது. வயதுக்கு வந்த பெண்களில் 80 முதல் 90 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு, பரம்பரைக்கும் உண்டு. வயது ஏற ஏறத் தோல் மெலிந்து தளர்வதால் இன்னும் எடுப்பாகத் தெரியும். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இருப்பதை நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1978இல் பெண்களின் தோலையும் ஆண்களின் தோலையும் ஒப்பிட்டு இந்தப் பட்டை விவகாரத்தை எழுதிய இரண்டு ஜெர்மன் மருத்துவர்களும் இதை 'இட்டுக்கட்டிய நோய்' என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1968இல், அமெரிக்க ஃபேஷன் இதழான வோக் இதைப் பெரிய விஷயமாக்கி எழுதியிருந்தது. பிரான்சின் அழகு நிலையங்களில் இருந்த கவலை அப்படித்தான் கடல் தாண்டியது. இப்போது ரீல்ஸ் வழியாக நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"நம்ம பாட்டி காலத்துல அம்மி அரைச்சாங்க, ஆட்டுக்கல் ஆட்டுனாங்க, அவங்களுக்கெல்லாம் செல்லுலைட்டே கிடையாது" என்று ஒரு வீடியோவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பாட்டியின் தொடையை அவர் எப்போது பார்த்தார்? பதினெட்டு முழச் சேலைக்குள் என்ன இருந்தது என்று வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்காது. பாட்டிக்கும் இருந்திருக்கும், கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

சரி, பயிற்சிக்கு வருவோம். அந்த ரீல்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் ஓடுகிறது: எந்த இடத்தை ஆட்டுகிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும். இது உண்மையாக இருந்தால் நிறையப் பேசும் மனிதர்களுக்கெல்லாம் கன்னம் ஒட்டிப்போயிருக்கும். 1971இல் டென்னிஸ் ஆடுகிறவர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கை பருத்திருந்தது, ஆனால் தோலடிக் கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றுபோலவே இருந்தது. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே ஒரு காலுக்கு மட்டும் லெக் பிரஸ் (உட்கார்ந்தபடி காலால் எடையைத் தள்ளுவது), ஒரு அமர்வுக்கு 960 முதல் 1,200 முறை, இப்படி 12 வாரம். கடைசியில் கொழுப்பு குறைந்திருந்தது, ஆனால் அந்தக் காலில் இல்லை, உடம்பின் மேல்பாதியில்! எங்கிருந்து எடுப்பது என்பதை உடம்பு தானாக முடிவு செய்துகொள்கிறது. நம்மிடம் அனுமதி கேட்பதில்லை.

அப்படியானால் பயிற்சி என்னதான் செய்யும்? மேலே சொன்ன பட்டைகளை அது அறுக்காது, அவற்றின் அமைப்பையும் மாற்றாது. அதன் வேலை இரண்டு. மொத்த உடம்பில் கொழுப்பு குறையும்போது தொடையிலும் ஓரளவு குறைந்து பிதுக்கம் தணியும். அடியில் இருக்கும் தசை வளர்ந்தால் மேலே இருக்கும் தோலுக்கு ஒரு தாங்குதல் கிடைக்கும், தொளதொளப்பு குறையும், குழி முன்புபோல் உறுத்தாது. இந்த இரண்டாவது விஷயத்துக்குத்தான் எடை தூக்கச் சொல்கிறேன். வாக்கிங் மட்டும் போகிறவர்களுக்கு இதயத்துக்கு நல்லது, சுகருக்கு நல்லது. பின்புறத் தசை வளர அது போதாது.

எங்கள் பேட்சில் முதல் வாரம் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிதான். நாற்காலிக்கு முன்னால் நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, மெதுவாக உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ வேண்டும். இதுதான் நாற்காலி ஸ்க்வாட். கேட்க ரொம்பச் சுலபம். பாதிப் பேருக்குக் குதிகால் தரையை விட்டு எழும்பும். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்க்கும். சிலர் கடைசி நாலு விரற்கடையில் தொப்பென்று விழுந்துவிடுவார்கள், பின்புறத் தசை பிடிக்க வேண்டிய இடமே அதுதான். பாதத்தின் மூன்று இடம், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால், மூன்றும் தரையில் அழுந்தி இருக்கட்டும் என்று சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அப்புறம் நாற்காலியை எடுத்துவிட்டு, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க ஐந்து கிலோ டம்பெல் ஒன்று. அது பழகியபின் ஏழரை, பத்து. தைரியம் வந்தபின் தோளில் 20 கிலோ பார்.

ஹிப் த்ரஸ்ட் சொல்லிக்கொடுக்கும் நாளில் மட்டும் ஒரே சிரிப்பு. பெஞ்சில் முதுகைச் சாய்த்து, மடியில் பாரை வைத்து, இடுப்பை மேலே தூக்க வேண்டும். "ஐயோ மேடம், அந்த ஸ்க்ரீனை இழுத்து விடுங்க" என்பார்கள். இழுத்து விடுவேன். பின்புறத்துக்கு இதைவிட நேரடியான பயிற்சி குறைவு. கூடவே தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், மேடையில் ஏறி இறங்கும் ஸ்டெப்-அப், ஒரு காலை முன்னே வைத்துத் தாழும் லஞ்ச். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, கடைசி இரண்டு முறை பல்லைக் கடிக்க வைக்கும் எடையில். கையில் எடையே இல்லாமல் நூறு தடவை காலை ஆட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். அந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நம் உடம்பில் கிடையாது. ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு உழைக்கிறவர்களே திணறுகிறார்கள்.

சாப்பாட்டிலும் ஒரு வார்த்தை. தசை வளரப் புரதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது அறுபது கிலோ பெண்ணுக்கு நாளுக்கு ஐம்பது கிராம் சுமார். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இதற்கும் மேல் தேவை. மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னியில் பத்து கிராம்கூடத் தேறாது. முட்டை, சுண்டல், பருப்பு, தயிர், மீன், எது ஒத்துக்கொள்கிறதோ அதைச் சேருங்கள்.

இதற்கு நேர்மாறாக நடப்பது பட்டினி. இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு, "மேடம், குழி முன்னைவிட அதிகமாத் தெரியுதுங்க" என்று வருகிறவர்கள் உண்டு. இதில் அதிசயம் எதுவும் இல்லை. 2006இல் எடை குறைப்புச் சிகிச்சையில் இருந்த 29 பெண்களை ஆராய்ந்தபோது 17 பேருக்குக் குழிகள் குறைந்தன, 9 பேருக்குக் கூடின. உள்ளே நிரப்பியிருந்தது போய்விட்டது, தோல் அதே வேகத்தில் சுருங்கவில்லை, தொய்ந்துவிட்டது. கூடவே தசையும் கரைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் அந்த 'முன்', 'பின்' படங்கள். உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தலைக்கு மேலே மின்விளக்கு எரியும்படி நின்று கண்ணாடியில் தொடையைப் பாருங்கள், ஒவ்வொரு குழியிலும் நிழல் விழும். அதே தொடையை ஜன்னலுக்கு நேர் எதிரே, வெளிச்சம் முன்னாலிருந்து விழும்படி பாருங்கள். பாதிக் குழியைக் காணோம்! தசையை இறுக்கியும் தளர்த்தியும் நின்று பாருங்கள், மீதி வித்தை அங்கே இருக்கிறது. இதற்கு 21 நாள் எதற்கு, ஒரு நிமிடம் போதும்.

வியர்க்காமல் காரியம் முடியும் என்று விற்பதில் நம் ஊர்க்காரர்கள் சின்னப் பிள்ளைகள். அமெரிக்காவில் பெரிய பெரிய நிறுவனங்களே இதில் இறங்கின. ரீபாக்கின் ஈஸிடோன் செருப்பும் ஷூவும் நினைவிருக்கிறதா? போட்டுக்கொண்டு சும்மா நடந்தாலே பின்புறத் தசை 28 விழுக்காடு கூடுதல் வலுப்பெறும் என்று விளம்பரம். அங்குள்ள கூட்டாட்சி வணிக ஆணையம் இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது. 2011இல் இரண்டரைக் கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். மறுவருடம் இதே மாதிரியான ஷூவுக்காக ஸ்கெச்சர்ஸ் நாலு கோடி டாலர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் போனது 2014 வழக்கில்தான். காபியில் இருக்கும் கஃபீனை ஏற்றிய உள்ளாடை! போட்டுக்கொண்டால் செல்லுலைட் குறையும் என்று விற்றிருக்கிறார்கள். விற்ற நிறுவனங்களில் ஒன்றான வாகோல் 13 லட்சம் டாலர் கட்டியது. கும்பகோணம் டிகிரி காபியைக் குடிப்பதோடு நாம் நிறுத்திக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

க்ரீமும், உருட்டும் ரோலரும், அதிரும் பெல்ட்டும் கொஞ்ச நேரத்துக்குத் தோலை மினுமினுப்பாகக் காட்டும், பிறகு பழையபடி. மருத்துவர்கள் அந்தப் பட்டைகளையே அறுத்துவிடும் சிகிச்சைகள் செய்கிறார்கள், சிலருக்குப் பலன் இருக்கிறது, செலவும் இருக்கிறது. பட்டையைக் கரைக்கும் ஓர் ஊசி மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கன்றிப்போவதும் தோல் நிறம் மாறுவதும் பெரிய தொல்லையாகி, 2022இல் விற்பனையை நிறுத்துவதாக அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது.

இதை நான் இவ்வளவு கோபமாக எழுதக் காரணம் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல். வரும்போது மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூன்று மாதத்தில் முப்பது கிலோவைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்கினார். வீட்டுக்கு வரும் சிலிண்டர் அந்த எடைதான், 14.2 கிலோ கேஸ், மீதி இரும்பு. வீட்டில் அதை நகர்த்த யாரையும் கூப்பிடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னார். முட்டி வலி குறைந்தது, சர்க்கரை இறங்கியதால் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். ஒரு நாள் வந்து, "சரிவரலைங்க மேடம், அப்படியேதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். தொடையைச் சொல்கிறார்! வேறொரு இடத்தில் 'இன்ச் லாஸ்' பேக்கேஜுக்கு முன்பணம் கட்டியாயிற்றாம். அங்கே படுத்துக்கொண்டால் போதும், மெஷின் பார்த்துக்கொள்ளுமாம்.

குழியைக் காட்டி உள்ளே கூட்டி வந்தால், குழி இருக்கிறதே என்று அவர்கள் வெளியே போவார்கள். இடையில் கிடைத்த பலம், தூக்கம், சர்க்கரை அளவு எதுவும் கணக்கில் வராது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும், அப்போது எடைப் பயிற்சி எவ்வளவு பெரிய துணை என்று விளக்கி யாராவது ரீல்ஸ் போட்டால் நூறு லைக் தேறாது. தொடையை ஜூம் செய்து போட்டால் லட்சம். என் தொழிலில் இருக்கும் ஒரு தம்பி, "அக்கா, உண்மையைச் சொன்னா யாருக்கும் காசு கட்ட மனசு வராதுக்கா" என்கிறான். மூன்று மாதத்தில் விட்டுப்போகிறவர்களின் காசை நம்பி எத்தனை நாள் கடை நடத்துவாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஸ்டோரி எடிட் பண்ணப் போய்விட்டான்.

குழி தெரியக்கூடாது என்று ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கும்தான் இருக்கிறது, நீச்சல் குளத்துக்குப் போனால் டவலைத் தேடுகிறவள்தான் நானும். அந்த ஆசையோடு வாருங்கள். ஆனால் நோட்டில் எழுதிக்கொள்வது எத்தனை கிலோ தூக்கினீர்கள், எத்தனை முறை தூக்கினீர்கள் என்பதாக இருக்கட்டும். தொடையைப் பார்க்க இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் நில்லுங்கள். தினம் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கடைசியாக, பயிற்சியாளரிடம் வராமல் டாக்டரிடம் போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி கணுக்கால் வரை பருத்து, பாதம் மட்டும் மெலிந்திருந்து, தொட்டால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனால் அது லிபிடீமா என்ற, கொழுப்பு இயல்புக்கு மாறாகச் சேரும் நோயாக இருக்கலாம். எத்தனை ஸ்க்வாட் போட்டாலும், எவ்வளவு பட்டினி கிடந்தாலும் எளிதில் இறங்காது. "நீ சரியா டயட் இருக்கறதில்ல" என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு. ஒரு காலில் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகர் இருப்பவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

கமென்டில் க்ரீம் பெயர் கேட்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், என்னிடம் எந்தப் பெயரும் இல்லை. டயட் சார்ட்டும் இல்லை, நான் டயட்டீஷியன் கிடையாது. நாற்காலி ஸ்க்வாட்டில் குதிகால் எழும்புகிறது, முட்டி உள்ளே போகிறது என்றால் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.