மேப்புல வழி இருக்கே!

ஊட்டியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். போனைத் திட்டும் பதிவு அல்ல இது. சவாரி வருவதும் போனில்தான், காசு வருவதும் போனில்தான். எதிரே நிற்கிற மனுஷன் ஒன்று சொல்லி, கையிலிருக்கிற போன் வேறொன்று சொன்னால், எல்லாரும் போன் பக்கமே சாய்கிறார்களே, அதுதான் என் பிரச்சினை.

சீசன் நேரத்தில் தலைகுந்தா செக்போஸ்ட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அங்கிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. போலீஸ்காரர் நிறுத்தி, கூடலூர் சுற்றிப் போகச் சொல்வார். அது இரண்டு மடங்குக்கும் மேல் தூரம். உடனே கண்ணாடி இறங்கும், போன் அவர் முகத்துக்கு நேரே நீளும். "சார், மேப்புல வழி இருக்கே!"

இருக்கிறதுதான், யார் இல்லை என்றது? ஆனால் மேஜைமேல் விழுந்த நூல் மாதிரி அந்தக் கோடு தட்டையாகக் கிடக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மசினகுடி ஏறக்குறைய அதில் பாதி உயரம்தான். அந்த இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு தாங்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பொசுக்கென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறுகிற கியரிலேயே இறங்கணும் என்பதுதான் மலையில் வண்டி பழகுகிறவனுக்கு முதல் பாடம். ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் பலர் சாதாரணமாக ஓட்டுகிற 'டி'யில் போட்டது போட்டபடி இறங்குகிறார்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்குகிற சின்ன கியரான 'எல்' எதற்கு இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். எத்தனை நிமிஷத்தில் மசினகுடி போகலாம் என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2024 ஜனவரியில் கூடலூரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஊட்டி பார்த்துவிட்டுக் கர்நாடகாவுக்குத் திரும்பியவர்களின் கார், கூகுள் மேப் காட்டிய வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. கடைசியில் போலீஸ்காரர்களும் ஊர்க்காரர்களும்தான் வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த வழியில் வண்டியைத் திருப்புவதற்கு முன்னால் அதே ஊர்க்காரர்களில் ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும்.

இன்னொன்று. டவர் இல்லாத காட்டுப் பகுதியிலும் நாம் நிற்கும் இடம் போனுக்குத் தெரியும், ஏனென்றால் அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. மேப் படம்தான் நெட் இல்லாமல் இறங்காது. அதனால் வெறும் சாம்பல் நிறத் திரையில் ஒரு நீலப் புள்ளி. முன்கூட்டியே படத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. போனையே நம்புகிறவர்கள் அதையாவது ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வரக்கூடாதா?

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வந்த இ-பாஸை, அதாவது வெளியூர் வண்டிகள் மலைக்கு வர ஆன்லைனில் வாங்குகிற அனுமதியை, இங்கே பல வியாபாரிகள் திட்டுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அடுத்த வருஷ சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. அதை எண்ண மெஷின்தான் வேண்டும். எண்ணுகிற வேலையை அது மனுஷனைவிட நன்றாகவே செய்யும்.

ஆளைத் தெரிந்துகொள்கிற வேலையை அதனிடம் கொடுத்ததுதான் வம்பு. எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா இருக்கிறார். இளவயசிலிருந்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அவர் விரலில் ரேகை என்று சொல்ல இப்போது ஒன்றும் மிச்சமில்லை, தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ரேஷன் கடையில் விரலை வைத்தால் மெஷின் கத்துகிறது. கடைக்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும், பேரன் எந்த வகுப்பு என்பதுவரை தெரியும். இருந்தும், "மெஷின் எடுக்கலையேக்கா, நாளைக்கு வாங்க" என்கிறார். நாளைக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. தன் கண்ணால் பார்ப்பது கணக்கில் சேராது என்று அவருக்கே பழகிவிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இத்தனைக்கும் கைரேகை பதியவில்லை என்பதற்காக யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஆதார் திட்டமே, ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி இருக்கணும் என்று ஒப்புக்கொண்டுதான் ஓடுகிறது. விதியில் இருப்பது கவுன்ட்டருக்கு வந்து சேரவில்லை.

போன வாரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். பதிவு செய்ய ஓடிபி வரும், போன் நம்பர் சொல்லுங்க என்றார்கள். அக்காவிடம் போன் கிடையாது. என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.