அழித்த விரல் மட்டும்தான் கண்ணில் படுகிறதா?

ஓர் அலுவலகத்தில் தவறுதலாகப் பயனர் கணக்குகளை அழித்து வேலையிழந்த ஒரு தம்பியைப் பற்றிய ஸ்கிரீன்ஷாட்டை மூன்று நாள்களாகப் பகிர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காலியாக இருப்பதாக நினைத்து ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகப் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் பதிவேடு) ஓர் ஓ.யூ.வை, அதாவது கணக்குகளைத் தொகுத்து வைக்கும் ஒரு பிரிவை, அந்தத் தம்பி அழித்தது தவறுதான். ஐந்தே நிமிடத்தில் அவரே போய் மேலதிகாரியிடம் சொல்லியும் விட்டார். ஆனால் அலுவலகம் இரண்டு நாள் முடங்கியதற்கு அவருடைய விரல் காரணமல்ல. மீட்க எந்த ஏற்பாடும் செய்து வைக்காதவர்களே காரணம்.

அழித்ததைத் திருப்பியெடுக்கும் ரீசைக்கிள் பின் வசதி ஆக்டிவ் டைரக்டரியில் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதலே இருக்கிறது. அது தானாக இயங்காது; யாராவது ஒருமுறை இயக்கி வைக்க வேண்டும். வைத்திருந்தால், அழிந்த கணக்குகளைக் குழு உறுப்பினர் விவரங்களோடு சில நிமிடங்களில் திருப்பியிருக்கலாம். வழக்கமான அமைப்பில் 180 நாள் வரை அவகாசமும் உண்டு. இத்தனை ஆண்டுகளாக அதை இயக்காதவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“எச்சரிக்கைப் பெட்டியைப் படித்திருக்கக் கூடாதா?” என்கிறீர்கள். படித்திருக்கலாம். தவறுதலாக அழிப்பதைத் தடுக்கும் டிக் இருந்திருந்தால் அந்தப் பெட்டியோடு கதை முடிந்திருக்கும். 2003 காலத்தில் உருவாக்கி அப்படியே சுமந்துவந்த ஓ.யூ.வில் அது இல்லை. “இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் (அந்தப் பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் சர்வர்) இருந்ததே” என்பவருக்கு: அழிப்பும் ஒரு மாற்றம்தான், ஒரே சைட்டுக்குள் (ஒரே இடத்து நெட்வொர்க்குக்குள்) 15 விநாடியில் அது அடுத்த சர்வருக்குப் புறப்பட்டுவிடும். நகலை பேக்கப் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதை 2017 ஜூனில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் பார்த்தது. நாட்பெட்யா என்ற தீநிரல் ஏறத்தாழ 150 டொமைன் கன்ட்ரோலர்களைத் துடைத்தெடுத்தபோது, மின்வெட்டால் அணைந்துகிடந்த கானா அலுவலகத்து சர்வர் ஒன்றுதான் தப்பியது.

“அதே பெயரில் புதுக் கணக்கு போட்டால் போயிற்று” என்று எழுதிய மேதைக்கு என் வணக்கம். பெயர் அதுவாக இருந்தாலும் எஸ்.ஐ.டி. என்ற உள் அடையாள எண் புதிது, ஃபைல் சர்வருக்கு அவர் முன்பின் தெரியாத ஆள். அந்த அலுவலகத்திலும் முதல் நாள் அதைத்தான் செய்தார்கள், இரண்டாம் நாள் முழுக்க அதைச் சரிசெய்வதில் போனது. இதையும் அந்தத் தம்பிதான் செய்யச் சொன்னாரா?

நானும் அழித்தவன்தான். 2009-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இருநூற்றுச் சொச்சம் கணக்குகள். டைரக்டரி மீட்பு முறையில் சர்வரைத் துவக்கக் கடவுச்சொல் கேட்டது. அதை அமைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். சாதாரணமாகத் துவக்கி உள்ளிருந்தே அதை மாற்றிக்கொள்ளலாம் என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. பிறகு டேப்பிலிருந்து பழைய நிலையைத் திருப்பி, என்டிடிஎஸ்யூடில் என்ற கட்டளைக் கருவியில் ‘அத்தாரிட்டேட்டிவ் ரீஸ்டோர்’ கொடுத்தேன். அது திருப்பிய கணக்குகளின் பதிப்பு எண்ணை இலட்சக் கணக்கில் ஏற்றிவிடும்; அப்போதுதான் மற்ற சர்வர்கள் நம்முடையதைப் புதியது என்று ஏற்கும். ஞாயிறு விடியும்வரை நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்த டேப்கூட, வாங்க வேண்டாம் என்று மேலாளர் திருப்பியனுப்பிய கோரிக்கையை நான் மூன்று முறை எழுதிப் பெற்றது.

அவ்வாண்டு மதிப்பீட்டில் எனக்குக் கிடைத்தது ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல். மேலாளருக்குப் பதவி உயர்வு. நெருக்கடியை நன்றாகக் கையாண்டாராம்.

தவறை நியாயப்படுத்துகிறேன் என்று இதற்கும் சிலர் வருவார்கள், வரட்டும். தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் உண்மையைச் சொன்னவரை வேலையை விட்டு அனுப்பிய இடத்தில், அடுத்தவர் எத்தனை நிமிடம் கழித்துச் சொல்வார்? சொல்லத்தான் செய்வாரா? அந்தத் தம்பிக்கு நேற்றிரவு எழுதினேன், இன்னும் பதில் இல்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டின் கீழே சிரிப்புக் குறி போட்டவர்களின் வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அதில் இருவர் 2009-இல் அந்த இரவுகளில் என்னோடு சர்வர் அறைத் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள்.