முதலில் குப்பத்தைத் திருத்தணுமாம்!

கட்சிகளின் தேர்தல் செலவுக்கு வரம்பு கேட்டு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நாங்கள் கையெழுத்து வாங்கியபோது நடந்த கூத்தை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டீர்கள். "முதல்ல குப்பத்துல ஓட்டுக்குக் காசு வாங்குறவங்களைத் திருத்துங்க சார், அப்புறம் கையெழுத்து வாங்கலாம்" என்று ஒரு அண்ணன் சொன்னதும் எழுந்த கைதட்டல் இன்னும் காதிலேயே இருக்கிறது. வந்ததே இருபத்து மூன்று பேர். அதில் இருபது பேர் தட்டினார்கள். (எண்ணினேன். வேறு வேலை?)

நாங்கள் கேட்டது என்ன? கட்சிகளின் தேர்தல் செலவுக்கு வரம்பு வையுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஓட்டுப் போடுவதற்கு முன்பே சொல்லுங்கள். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம்தான் செலவழிக்கலாம். இரண்டரை லட்சம் ஓட்டு உள்ள தொகுதி என்றால் தலைக்கு 16 ரூபாய், ஒரு டீயோடு சரி. கட்சி செலவழிக்க வரம்பே கிடையாது. அப்படியானால் ஓட்டுக்கு 500 கொடுக்கிறவனுக்கு அதைக் கொடுப்பது யார்? இதைக் கேட்டால் குப்பத்தைக் காட்டுகிறார்கள்.

எங்கள் பெரியம்மாவும் வாங்கியிருக்கிறார். ராத்திரி பத்தரைக்கு ஒரு பையன் வாக்காளர் பட்டியலும் பென்சிலுமாக வந்தான். பேருக்குப் பேர் டிக் அடித்து நான்கு தாள் எண்ணிக் கொடுத்தான். பெரியம்மா விடவில்லை. "மருமக பேர் விட்டுப்போச்சே, நல்லாப் பாருப்பா" என்றார். நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வைத்த கோழிக் குழம்பை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். என்னையும் சேர்த்துத் திருத்துங்கள்.

"அதுக்காக வாங்குறது சரின்னு சொல்றியா?" தப்புதான். சட்டப்படியும் தப்பு. சரி, அடுத்தது. வேலூரில் 2019-இல் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்களே, அது பெரியம்மாவின் சுருக்குப்பையில் இருந்த பணமா? கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க, வங்கியில் வாங்கும் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். 16,000 கோடிக்கு மேல் விற்றது. யார் வாங்கி யாருக்குக் கொடுத்தார் என்று நமக்குத் தெரியவே கூடாதாம். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போன்றவர்கள் 2017-இல் வழக்குப் போட்டார்கள். ஏழு வருடம் கழித்து, 2024 பிப்ரவரி 15 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வாங்கியவர் பட்டியலைக் கொடுக்கச் சொன்னால், பத்திரத்தை விற்ற ஸ்டேட் பேங்க் ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, அதாவது மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு. நீதிமன்றம் விடாமல் பிடுங்கியது. வாங்கியவர்களில் முதலிடத்தில் ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதற்கு யாரும் கை தட்டவில்லை, திட்டவும் இல்லை.

"கையெழுத்து வாங்கி என்ன கிழிக்கப் போறே?" பத்திர வழக்குப் போட்ட அந்தச் சங்கத்தை 1999-இல் அகமதாபாத்தில் சில பேராசிரியர்கள்தான் ஆரம்பித்தார்கள். இன்று வேட்பாளரின் சொத்தும் வழக்கும் பிரமாணப் பத்திரத்தில் வருவது அவர்கள் போட்ட வழக்கால். அவர்களையும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

இன்னொருவர், "உனக்கு எந்தக் கட்சி பணம் கொடுத்தது?" என்று இன்பாக்ஸில் கேட்கிறார். நோட்டீஸ் அடித்த 640 ரூபாய் என்னுடையது. ரசீது வேண்டுமா?

அந்த அண்ணன் மேல்கூடக் கோபமில்லை. தட்டியவர்களில் ஒருவர் பன்னிரண்டு வருடமாக என்னோடு நடைப்பயிற்சிக்கு வருகிறவர். முதல் கையெழுத்தே அவருடையது. போட்டுவிட்டு, அதே கையால் தட்டினார். இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை.

வரும் ஞாயிறும் ஆறரைக்கு அதே பெஞ்சில் இருப்பேன். வந்தால் என் பேனாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அவரிடம்தான் இருக்கிறது.