1996 தீர்ப்பு சொன்னது வேறு
இனம் பார்த்து வண்டிகளை நிறுத்த அமெரிக்கப் போலீசுக்கு உச்ச நீதிமன்றம் 1996இல் அனுமதி தந்துவிட்டதாக மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிடும் ரென் (Whren) வழக்கின் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. சிக்னல் போடாமல் திரும்பியது போன்ற விதிமீறல் உண்மையிலேயே நடந்திருந்தால், அதிகாரியின் உள்நோக்கம் எதுவானாலும் வண்டியை நிறுத்தியது, நியாயமற்ற சோதனையையும் பிடித்துவைப்பதையும் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்தை மீறாது என்றது, அவ்வளவுதான்.

இனத்தை வைத்துப் பாரபட்சமாகச் சட்டத்தைப் பிரயோகிப்பதை அரசியல் சட்டம் தடுக்கிறது என்று அதே தீர்ப்பில் நீதிபதி ஸ்காலியா எழுதியிருக்கிறார். ஆனால் அதை, சட்டம் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்னும் சமப் பாதுகாப்பு விதியின் கீழ்தான் எதிர்க்க வேண்டும். அந்த வழியில் பாரபட்சத்தை நிரூபிப்பது பெரும்பாடு. அது வேறு குறை, நியாயமான குறையும்கூட.

சந்தேகம் இருந்தால் தீர்ப்பையே படிக்கலாம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டின் 517ஆம் தொகுதியில் 813ஆம் பக்கத்தைப் பாருங்கள்.