எழுத்தைத்தானே மாற்றச் சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், "ரஷ்யப் பேரரசு லித்துவேனிய மொழியை எங்கே தடை செய்தது, எழுத்தைத்தானே மாற்றச் சொன்னது?" என்று நண்பர் மேடையில் கேட்டதையும், அதற்கு அரங்கம் கைதட்டியதையும் விழுங்கிக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஆம், எழுத்தைத்தான் மாற்றச் சொன்னார்கள். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 எழுச்சியை நசுக்கிய பின், வில்னியுஸில் ஆளுநராக இருந்த முராவியோவும் அடுத்து வந்த கௌஃப்மனும் லத்தீன் எழுத்தில் லித்துவேனிய மொழியை அச்சிடுவதைத் தடுத்தார்கள். வெளியிலிருந்து கொண்டுவருவதும் விற்பதும்கூடக் குற்றமாயிற்று. இந்தத் தடை 1904 வரை நீடித்தது. அச்சிட வேண்டுமா, ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தில் அச்சிடு என்றது அரசு. ஜெபப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய குடியானவனிடமிருந்து அவன் அறிந்த ஒரே எழுத்தைப் பறித்துவிட்டால், மொழி இருந்தென்ன, பத்திரிகையை யார் படிப்பது?

என் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். பேத்தி ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பும் குறுஞ்செய்திகளை, கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார், பிறகு, "இதுல என்னடா போட்டிருக்கா?" என்று என்னிடம் நீட்டுவார். மொழி அவருடையதுதான். பேத்தி அன்போடு அனுப்பியதற்கே இந்தக் கதி என்றால், காவலரை வைத்துத் திணித்ததை நண்பர் எப்படி இவ்வளவு லேசாகச் சொல்கிறார்?

உள்ளே அச்சிட வழியில்லாததால் பத்திரிகை எல்லைக்கு அப்பால் பிறந்தது. 1883இல் யோனாஸ் பசனாவிச்சியுஸ் என்ற மருத்துவர் தொடங்கிய 'அவுஷ்ரா', ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில், ராக்னித்திலும் பிறகு தில்சித்திலும் அச்சாகி, 1886 வரை வந்தது. அடுத்து, 1889 முதல், வின்ட்சாஸ் குதிர்காவின் 'வார்பாஸ்'. இன்று லித்துவேனியாவின் தேசிய கீதமாக உள்ள பாடலை அவர் 1898இல் வெளியிட்டது அந்த இதழில்தான். மறு ஆண்டே காசநோயில், நாற்பது வயதில் இறந்துபோனார். அச்சான தாள்களை இரவில் எல்லை தாண்டிச் சுமந்துவந்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். பிடிபட்டவர்களில் பலர் சைபீரியா போன்ற இடங்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். இப்படிப் புத்தகம் கடத்திய யுர்கிஸ் பியலினிஸ் பல ஆண்டுகள் காவலருக்குத் தண்ணி காட்டினார். அவர் பிறந்த மார்ச் 16ஐத்தான் இன்று புத்தகம் சுமந்தவர்களின் நாளாக அங்கே கொண்டாடுகிறார்கள்.

போலந்துச் செல்வாக்கிலிருந்து லித்துவேனியர்களை மீட்கத்தானே ஜார் அரசு இதைச் செய்தது என்று சிலர் கேட்பார்கள். அதிகாரிகள் அப்படித்தான் சொன்னார்கள். உன்னைக் காப்பாற்றவே உன் வாயைப் பொத்துகிறேன் என்று சொல்லாத பேரரசு எது? ஜெர்மனி மட்டும் யோக்கியமா என்றும் கேட்பார்கள். இல்லை, தன் எல்லைக்குள் வாழ்ந்த லித்துவேனியர்களின் பள்ளிகளில் அதுவும் ஜெர்மனைத்தான் திணித்தது. அதனால் ஜார் நல்லவராகிவிடுவாரா? 1878இல் ஆங்கிலப் பத்திரிகைகளை விட்டுவிட்டு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் வைஸ்ராய் லிட்டன் பூட்டுப் போட்டதை ஏன் பேசவில்லை என்பவர்களுக்கு: பேசுவேன், இதே கோபத்தோடு பேசுவேன். இன்று பேச்சை மாற்ற வேண்டாம்.

உண்மையில் என்னைச் சுட்டது இந்த வாதங்கள்கூட அல்ல. "நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கு இவ்வளவு வீரகதையா?" என்று போகிற போக்கில் நண்பர் சொன்னதுதான். அவுஷ்ரா ஏறத்தாழ ஆயிரம் படிகள்தான் அச்சானது, ஒப்புக்கொள்கிறேன். சிற்றிதழ் நடத்தியவன் நான். கடைக்காரர் கட்டைப் பிரிக்காமலே திருப்பித் தந்ததை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறியவன். யாரும் என்னைச் சைபீரியாவுக்கு அனுப்பவில்லை, அந்தப் பெருமை எனக்கு வேண்டியதும் இல்லை. ஆனால் எண்ணிக்கையைச் சொல்லிச் சிரிப்பவரைக் கண்டால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு பேர்தான் படித்தார்கள் என்றால், அந்த நாலு பேருக்காக ஒரு பேரரசு எல்லையில் ஏன் காவல் போட்டது?

நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். "வரலாற்றை உணர்ச்சியோடு பார்க்கிறார்" என்று சொல்லிக் கடந்துபோக வேண்டாம். எழுத்தை மட்டும்தானே மாற்றச் சொன்னார்கள்? அப்படியானால் அந்த நாற்பது ஆண்டுகளில் லித்துவேனியர்கள் விரும்பி, காசு கொடுத்து வாங்கிப் படித்த சிரிலிக் எழுத்துப் பத்திரிகை ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்; பிறகு பேசலாம்.